மாந்தோல் மாத்திரையும் ஒரு சாவியும்

ஜூன் 1, சனி

நாலு நாளா உட்கார்ந்து கேப்சூல் அடைச்சு இன்னைக்குத்தான் முடிச்சேன். மூவாயிரத்து முந்நூத்து அறுபது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. புவனேந்திரன் சார் லேப் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்து, "உனக்குக் கை நல்ல வேகம், மாதேஸ்வரி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். ஆராய்ச்சி அவரோடது. கை மட்டும் என்னோடது.

விஷயம் இதுதான். எங்க ஊர்ல எங்க திரும்பினாலும் மாங்கூழ் பேக்டரி. கூழை டின்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு, தோலையும் கொட்டையையும் லாரி லாரியா ஏரிக்கரையில கொட்டுறாங்க. அந்தத் தோல்ல பாலிபினால்னு ஒரு துவர்ப்புச் சத்து நிறைய இருக்கு. பொடி பண்ணிச் சாப்பிட்டா பெருங்குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா அதைத் தின்னு பெருகும், உடம்பு துருப்பிடிக்காம காக்கிற சக்தியும் ரத்தத்துல கூடும்னு சார் சொல்றார். எலிக்குக் குடுத்துப் பார்த்தாச்சு. அடுத்து மனுஷருக்கு. மனுஷர்னா யாரு? பேக்டரியில தோல் சீவுற பொம்பளைங்க நாப்பது பேர். எங்க காலேஜ் வாத்தியாருங்களுக்கெல்லாம் பெருங்குடலே கிடையாது போல.

இருபது பேருக்குச் செவப்பு மூடி டப்பா, உள்ள மாந்தோல் பொடி. இருபது பேருக்கு வெள்ளை மூடி, உள்ள வெறும் மரவள்ளி மாவு. கேப்சூல் பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு சாப்பிடுறவங்களுக்கும் தெரியக் கூடாது, குடுக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது. அதுதான் இந்த மாதிரி சோதனைக்குச் சட்டம். அடைச்சவளும் நான், குடுக்கப் போறவளும் நான். கேட்டா, "நீ மறந்துடும்மா"ங்கிறார். பதினோரு வருஷமா தற்காலிக டெக்னீசியன்னா மூளையும் தற்காலிகம்னு நினைச்சுட்டார்.

ஜூன் 3, திங்கள்

ஆறு வாரத்துக்கு எனக்கு டூட்டி பேக்டரியிலதான். உள்ள காலை வச்சதும் மாம்பழ வாசனை தூக்கி அடிக்குது. வெளியே இருந்து மோந்தா ஆசையா இருக்கும், உள்ள பத்து நிமிஷம் நின்னா குமட்டும். நூத்தி முப்பது பொம்பளைங்க, காலையில எட்டுக்கு நின்னா ராத்திரி எட்டு வரைக்கும் கத்தியும் கையுமா நிக்கிறாங்க. மாம்பால் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து கருகிக் கிடக்கு.

நாப்பது பேரையும் உட்கார வச்சு ஃபாரம் நிரப்பினேன். ஏழாவது கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிப்பீர்கள்?

பச்சையம்மாக்காதான் அந்த வரிசைக்கே பெரிய ஆள். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். "எங்க கேக்கற? ஊட்லயா, இங்கயா?"ன்னுச்சு.

"எங்கன்னா என்னக்கா, மொத்தமாத்தான்."

"இங்கன்னா கட்டை கெடைக்கணுமே."

எனக்குப் புரியல. சூப்பர்வைசர் மேஜை பக்கத்துல செவுத்து ஆணியைக் காட்டுச்சு. ஒரு முழ நீளத்துல கயிறு கட்டின மரக்கட்டை ஒண்ணு தொங்குது. அந்தக் கட்டையை எடுத்துக்கிட்டுத்தான் பாத்ரூம் போகணுமாம். ஒருத்தி போயிட்டு வந்து கட்டையை மாட்டினாத்தான் அடுத்தவ போகலாம். நூத்தி முப்பது பேருக்கு ஒரு கட்டை! பாத்ரூம் ரெண்டு இருக்கு, ஒண்ணுக்குக் கதவில்ல, இன்னொண்ணுக்குத் தண்ணியில்ல.

கஸ்தூரின்னு ஒரு பொண்ணு, இருபத்தாறு வயசு, அது சொல்லுச்சு: "நான் காலையில நாலு மணிக்கு அரை டம்ளர் காப்பி குடிக்கிறதோட சரிக்கா. அப்பறம் ராத்திரி ஊட்டுக்குப் போய்த்தான் தண்ணி. குடிச்சாத்தானே வம்பு." மூணு வருஷமா நீர்க்கடுப்பாம். மாசம் ஒரு தடவை காய்ச்சல் வந்துடுமாம். ஏதோ தலைமுடி கொட்டுதுங்கிற மாதிரி சாதாரணமாச் சொல்லுது.

ஏழாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேருக்கு "இரண்டு நாளைக்கு ஒரு முறை"ன்னு எழுதினேன். வெளிக்குப் போகவே விடாம வச்சுட்டு, வந்துட்டாங்க வயித்து பாக்டீரியாவை எண்ண.

ஒரே ஒரு நல்லது. மல சாம்பிளை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஐஸ்ல வைக்கணும். அதனால ஆபீஸ் பக்கத்துல விருந்தாளிங்களுக்குன்னு கட்டின பாத்ரூமை இந்த நாப்பது பேருக்குத் திறந்துவிடச் சொல்லி சார் எழுதி வாங்கியிருக்கார். எப்ப தோணுதோ அப்ப போகலாம், தினம் ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்கணும், அதுவும் விதிமுறையில இருக்கு. மேனேஜர் ஏகாம்பரம் சொத்தை எழுதிக் குடுக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு சாவியை என் கையில குடுத்தார். வெள்ளை டைல்ஸ், குழாய்ல தண்ணி, சோப்பு, உள்பக்கம் தாழ்ப்பாள். கஸ்தூரி உள்ள போய் தாழ்ப்பாளை ரெண்டு தடவை போட்டுப் போட்டுப் பார்த்துச்சு.

ஜூன் 4, செவ்வாய்

ஐஸ் பெட்டியில பதினேழு டப்பா மலம். ஸ்கூட்டியில முன்னாடி வச்சுக் கட்டிக்கிட்டுப் போனா ரவுண்டானாவுல போலீஸ்காரர், "என்னம்மா, மீனா?"ன்னார். ஆமான்னேன்.

ஜூன் 8, சனி

சனிக்கிழமை மத்தியானம் அடிபட்ட பழத்தையெல்லாம் பொம்பளைங்க எடுத்துக்கலாம்னு விடுறாங்க. இவங்க அதைப் பிரிக்கிற அழகு இருக்கே! ஆட்டுக்கறிக்குக் கூறு போடுற மாதிரி, சாக்கை விரிச்சு நல்லது சொத்தை எல்லாம் கலந்து சமமா குவியல் குவியலா வைக்கிறாங்க. அப்பறம் பச்சையம்மாக்கா முதுகைக் காட்டிக்கிட்டுச் செவுத்தைப் பார்த்து நிக்குது. ஒருத்தி ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?"ன்னு கேக்கறா. அக்கா திரும்பாமலே ஒரு பேரைச் சொல்லுது. சொன்ன பேருக்கு அந்தக் கூறு. கண்ணால பார்த்துக் குடுத்தா ஓரவஞ்சனை வந்துடுமாம். எனக்கும் ஒரு கூறு வச்சிருந்தாங்க. அதுல மூணு பழம் அழுகல், ஆனா குறை சொல்ல வழியில்ல.

பழம் பொறுக்கும்போது பச்சையம்மாக்கா என் பக்கத்துல குந்திக்கிட்டு, "ஏ மாதேசு, ஒரு மூடில மருந்து, ஒரு மூடில ஒண்ணுமில்லன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்களே, எதுல மருந்து?"ன்னுச்சு.

நான் வாயைத் திறக்கவே இல்ல. சாமி சத்தியம். கண்ணு எந்தப் பக்கம் போச்சுன்னெல்லாம் டைரில எழுதிக்கிட்டு இருக்க முடியாது.

ஜூன் 12, புதன்

பாக்டீரியான்னா என்னன்னு கேட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி, வயித்துல கோடிக்கணக்குல இருக்கும்னேன். போச்சு. "வயித்துல பூச்சின்னா ஸ்கூல்ல குடுக்கிற மாத்திரை ஒண்ணு போட்டா செத்துப் போவுது, அதுக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சியா?"ன்னு ஒரே சிரிப்பு. இல்லம்மா, இது நல்ல பூச்சி, இது வளரணும்னேன். "வளக்கறதுக்கு எங்க வயிறுதான் கெடச்சுதா உங்க சாருக்கு?"ன்னு பச்சையம்மாக்கா கேட்டுச்சு. கேள்வி நியாயம்தானே. சாரைக் கேட்டுச் சொல்றேன்னேன்.

கஸ்தூரி பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்குது. கையை சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்கு ஆற ஆரம்பிச்சிருக்கு. நாப்பது பேருக்குத்தான் அந்த பாத்ரூம்னு விதி. இப்ப வேற முகமெல்லாம் வந்து போகுது. நான் ஆளை எண்றதில்ல. எனக்குக் குடுத்த வேலை டப்பாவை எண்றது.

ஜூன் 15, சனி

காலேஜ்ல கரண்ட் இல்ல. ஃப்ரீசர்ல இருக்கிற மலம் கெட்டுப் போகக் கூடாதுன்னு மீன் மார்க்கெட் வரைக்கும் ஓடி ஐஸ் வாங்கிட்டு வந்தேன். பி.எஸ்சி. முதல் வகுப்பு.

ஜூன் 20, வியாழன்

இன்னைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல. சார் ரூம்ல மேஜை மேல ஒரு அட்டைப் பெட்டி. பேக்டரி முதலாளி மகன் அனுப்பினதாம். மாந்தோல் பொடி பொட்டலத்துக்கு மாதிரி. பச்சை கலர்ல ஒரு பொம்பளை வயித்துல கை வச்சுச் சிரிக்கிறா. அவ பொறந்ததுல இருந்து மாம்பழத்தைத் துண்டு போட்டு முள்கரண்டியில தின்னவ. கீழ கொட்டை எழுத்துல "மனிதர்களிடம் சோதித்து நிரூபிக்கப்பட்டது."

"சார், இன்னும் மூணாம் வார ரத்தப் பரிசோதனையே எடுக்கலையே"ன்னேன்.

"எடுத்துடுவோம்ல"ன்னார்.

எடுத்துடுவோமாம்! கல்யாணத்துக்கு முன்னாடியே பேரன் பேரை மோதிரத்துல பொறிச்சு வச்ச கதையா இருக்கு. பெட்டியை மூடி வச்சேன். என் நிரந்தர வேலைக்கான ஃபைல் அதே மேஜையிலதான், அந்தப் பெட்டிக்கு அடியில இருந்துச்சு.

ஜூன் 26, புதன்

மூணு வார முடிவு வந்தாச்சு. நல்ல பாக்டீரியா பெருகியிருக்கு. ரத்தத்துல துருவை எதிர்க்கிற நொதியும் ஏறியிருக்கு. செவப்பு மூடிக்காரங்களுக்கு மட்டும் ஏறியிருந்தா சார் குதிச்சிருப்பார். வெள்ளை மூடிக்காரங்களுக்கும் அதே அளவு ஏறியிருக்கு. வெறும் மரவள்ளி மாவு தின்னவங்களுக்கு!

"நீ எங்கயோ டப்பாவை மாத்திட்ட"ன்னு என் மேல பாஞ்சார். முப்பது வருஷ அனுபவமாம் அவருக்கு, கேப்சூல்ல எந்தப் பக்கம் மூடின்னு தெரியாது. எல்லாத்தையும் மூணு தடவை சரி பார்த்தேன். என் கணக்குல ஒரு டப்பா பிசகல.

ஜூலை 1, திங்கள்

இனி மறைச்சு என்ன. எழுதிடுறேன்.

வாரா வாரம் திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு டப்பா குடுத்துட்டு நான் லேப் ஃபாரம் எழுதப் போயிடுவேன். இன்னைக்கு பேனாவை மறந்துட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தேன். துணி மாத்துற ரூம்ல சாக்கு விரிச்சிருக்கு. சாக்கு மேல நாப்பது குவியல். மாம்பழம் இல்ல, கேப்சூல். பதினாலு பதினாலா. பக்கத்துல ஒரு குண்டான், அதுல எல்லா டப்பாவையும் கொட்டிக் கலக்கியிருக்காங்க. பச்சையம்மாக்கா செவுத்தைப் பார்த்து நிக்குது. கஸ்தூரி ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?"

நான் போட்ட சத்தத்துல பழம் ஓடுற பெல்ட்டைப் பார்த்துக்கிறவனே எட்டிப் பார்த்தான். "என்னக்கா பண்றீங்க! நாலு வார வேலை! மலத்தைத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சிருக்கேன் நான்! எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டீங்களே!"

பச்சையம்மாக்கா மெதுவாத் திரும்புச்சு. பயமே இல்ல அதுக்கு. "ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவு. பக்கத்துப் பக்கத்துல நின்னு வேலை செய்யறோம். அது எந்த ஊர் நியாயம்? கறிக்கூறு போட்டாக்கூட எலும்பையும் கறியையும் கலந்துதான் போடுவோம். மொத வாரம் மட்டுந்தான் தெரியாம தனித்தனியாத் தின்னோம்."

"யாரு உங்களுக்கு அது மாவுன்னு சொன்னது?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. "நீயா கேக்கற?"ன்னுச்சு.

நான் பேனாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

தூக்கம் இல்ல. யோசிச்சா இப்படி வருது. எல்லாரும் பாதி மருந்து, பாதி மாவு தின்னிருக்காங்க. அதனால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறியிருக்கு. சரி. ஆனா ஏறினது மாந்தோலாலயா? இதே மூணு வாரத்துல இவங்க வாழ்க்கையில வேற என்ன மாறுச்சு? தண்ணி குடிச்சாங்க. தோணினப்ப போனாங்க. சோப்புப் போட்டுக் கை கழுவினாங்க. தாழ்ப்பாள் இருக்கிற ஒரு கதவுக்குப் பின்னாடி அஞ்சு நிமிஷம் நிம்மதியா உட்கார்ந்தாங்க.

மாந்தோலும் வேலை செஞ்சிருக்கலாம், நான் இல்லைங்கல. அந்தத் துவர்ப்புல விஷயம் இருக்குன்னு நானும் படிச்சிருக்கேன். ஆனா எது செஞ்சுதுன்னு இனி எந்தப் பெரிய படிப்புக்காரனாலயும் சொல்ல முடியாது.

கஸ்தூரிக்குப் போன மாசம் காய்ச்சல் வரவே இல்ல.

ஜூலை 5, வெள்ளி

சார்கிட்ட சொல்லிட்டேன். கத்துவார்னு நினைச்சேன். கதவைச் சாத்திட்டு உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்துல அந்த நாற்காலியில இன்னைக்குத்தான் உட்கார்றேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. வெள்ளை குரூப்ல நல்லா ஏறின எட்டு பேரை, மாத்திரை ஒழுங்கா சாப்பிடலைன்னு விலக்கிடலாம். மிச்சத்துக்கு வித்தியாசம் தெரியும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மாத்திரையைத்தான் சாப்பிட்டாங்கன்னு மாத்திரைப் பதிவேட்டில நீ கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்."

அவர் பாட்டுக்குப் பேசுறார். இந்தப் பேப்பர் வெளிவந்தா ரெண்டாம் கட்டச் சோதனை ஒரு வருஷம் நடக்குமாம். "அந்தப் பொம்பளைங்களுக்கும் நல்லதுதானே? பாத்ரூம் இன்னும் ஒரு வருஷம் திறந்திருக்கும். நீ கையெழுத்துப் போடலைன்னா பதிமூணாம் தேதியோட சாவியைக் குடுத்துடணும். உன் ஃபைலும் என்கிட்டதான் இருக்கு."

எட்டு பேரை விலக்குறாராம். அந்த எட்டு பேர்ல பச்சையம்மாக்கா ஒண்ணு. வயிறு சரியானது ஒரு குத்தமா?

ஜூலை 8, திங்கள்

சாப்பாட்டு நேரத்துல எல்லார்கிட்டயும் உடைச்சுச் சொல்லிட்டேன். அவங்க வயிறு, அவங்க பாத்ரூம், அவங்களுக்குத் தெரியாம நான் மட்டும் எப்படி முடிவு பண்றது?

பச்சையம்மாக்கா சோத்துக் கையோட எழுந்துடுச்சு. "பொய்யைச் சொல்லித்தான் நாங்க ஒண்ணுக்குப் போவணுமா? இந்த பேக்டரிக்கு பதினெட்டு வருஷம் ஒழைச்சிருக்கேன். அது பத்தாதா? நான் நல்லா ஆனது பொய்யின்னு எழுதறதுக்கு அந்த ஆளு யாரு?"

எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. கஸ்தூரி மட்டும் தட்டைத் தரையில வச்சுச்சு. "போடுக்கா கையெழுத்து"ன்னுச்சு.

"கஸ்தூரி…"

"உங்களுக்கெல்லாம் பேச நல்லா இருக்கும். மூத்திரம் எரியறப்ப கட்டைக்குக் காத்துக் கெடந்தவ நானு. போன வருஷம் இதே வரிசையில நின்ன எடத்துலயே நனைச்சுக்கிட்டேன். தெரியுமா உனக்கு? மாம்பழச் சாறு கொட்டிடுச்சுன்னு சொன்னேன் எல்லார்கிட்டயும். எனக்கு உண்மையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். பாத்ரூம் வேணும்."

பச்சையம்மாக்கா உட்கார்ந்துடுச்சு. கஸ்தூரி அதுக்கப்பறம் என்கிட்டயும் பேசல, அக்காகிட்டயும் பேசல. அது கேட்டதுல என்ன தப்பு?

ஜூலை 9, செவ்வாய்

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

ஜூலை 10, புதன்

பதிவேட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் போனேன். கையெழுத்துப் போட்டுடலாம்னுதான் போனேன், அதையும் எழுதிடுறேன். கஸ்தூரிக்காகன்னு சொல்லிக்கிட்டேன். ஃபைலும் மனசுல இருந்துச்சு.

போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கலாம்னு மேனேஜர் ஏகாம்பரம்கிட்ட, "ரெண்டாம் கட்டத்துக்கும் இதே பாத்ரூம்தானே சார்?"ன்னு கேட்டேன்.

சிரிச்சுட்டார். "பாத்ரூம் எதுக்கும்மா? அடுத்த வருஷம் சாம்பிளெல்லாம் ஊட்லயே எடுத்துக் குடுத்துடறதுன்னு உங்க சாரே எழுதிக் குடுத்துட்டாரு. மாத்திரையிலதான் வயிறு சரியாவுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சாமே? எல்லா லேபருக்கும் மாத்திரையே குடுத்துடுவோம். கம்பெனிக்கும் நல்ல பேரு."

எனக்கு இப்பத்தான் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து உறைச்சுது. நான் கையெழுத்துப் போட்டா பாத்ரூம் கிடைக்காது. பாத்ரூம் தேவையே இல்லைங்கிறதுக்கு அத்தாட்சிதான் கிடைக்கும். என் கையெழுத்தோட! வெளிக்குப் போக விடாம வச்சுட்டு, இவங்களே சீவிப் போட்ட தோலை இவங்களுக்கே அடைச்சுக் குடுப்பாங்க. அட பாவிங்களா. நல்லா இருப்பீங்களா நீங்க?

ஜூலை 11, வியாழன்

பதிவேட்டில எழுதிட்டேன்.

"இரண்டாம் வாரத்திலிருந்து நாற்பது பேரும் மாத்திரைகளைக் கலந்து சமமாகப் பிரித்து உட்கொண்டார்கள். எந்த மூடியில் எது என்று அவர்களுக்குத் தெரிந்தது என்னால். நான் வாயால் சொல்லவில்லை, கண்ணால் காட்டினேன். சிவப்பு மூடியைப் பார்த்தேன். அது என் தவறு. இந்த ஆறு வாரமும் இவர்களுக்குக் குடிநீரும், சோப்பும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், போய்வர நேரமும் புதிதாகக் கிடைத்தன. வயிறு சீரானதற்கு எது காரணம் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது."

கையெழுத்து, தேதி. நகல் ஒண்ணு சாருக்கு, ஒண்ணு ஆராய்ச்சி முறைப்படி நடக்குதான்னு பார்க்கிற காலேஜ் எத்திக்ஸ் கமிட்டிக்கு, ஒண்ணு பச்சையம்மாக்காவுக்கு. அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுச்சு. கஸ்தூரி கத்தியைத் தேய்ச்சுக்கிட்டே தூரத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். அது தலையைத் தூக்கல. தேய்க்கிறது மட்டும் நின்னுடுச்சு.

ஜூலை 12, வெள்ளி

சார் போன் பண்ணினார். திங்கட்கிழமையில இருந்து வர வேண்டாமாம். "உன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்கிட்ட"ன்னார். "நீங்க நல்லா இருங்க சார்"னு சொல்லி வச்சுட்டேன். அப்பறம் பாத்ரூம்ல போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதினோரு வருஷம்.

ஜூலை 13, சனி

கடைசி நாள். பன்னெண்டு மணிக்குச் சாவியை ஆபீஸ்ல ஒப்படைக்கணும். வாசல்ல ஏழு லாரி பெங்களூரா மாங்கா, கொளுத்துற வெயில்ல, பழுத்து ஒழுகுது.

சொல்லிட்டுப் போகலாம்னு வரிசைக்குப் போனேன். சாக்கு விரிச்சு அடிபட்ட பழத்துக்குக் கூறு போட்டுக்கிட்டு இருந்தாங்க. பச்சையம்மாக்கா செவுத்தைப் பார்த்து நிக்குது. எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. சாவியைச் சாக்கு மேல வச்சு, ஒரு விரலால தொட்டுக்கிட்டு, "இது யாருக்கு?"ன்னேன்.

சாவி வச்ச சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். திரும்பாமலே, "கஸ்தூரிக்கு"ன்னுச்சு.

கஸ்தூரி எழுந்து வந்து சாவியை எடுத்துச்சு. நேரா சூப்பர்வைசர் மேஜைக்குப் போச்சு. ஆணியில தொங்கின கட்டையைக் கழட்டி, தோல் போற தள்ளுவண்டியில தூக்கிப் போட்டுச்சு. அதே ஆணியில சாவியை மாட்டுச்சு. மாட்டிட்டு அங்கயே ஆணிக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிச்சு.

ஏகாம்பரம் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு மாட்டின? எடு சாவியை!"

நாப்பது பேர் கத்தியைக் கீழ வச்சாங்க. அப்பறம் மிச்சத் தொண்ணூறு பேரும் வச்சாங்க. பெல்ட் மட்டும் வெறுமனே ஓடுது.

"திங்கட்கிழமை முதலாளி வருவாரு, பேசிக்கலாம்மா"ன்னு குரலை இறக்கினார்.

"பேசலாம்"ன்னுச்சு பச்சையம்மாக்கா. "மாம்பழம் அது வரைக்கும் நிக்குமான்னு லாரியைக் கேட்டுட்டு வாங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். லாரிக்கு அடியில சாறு சொட்டிக்கிட்டு இருக்கு. சாவியைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். "யாரும் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது, ஆமா சொல்லிட்டேன்"ன்னு சத்தமாச் சொல்லிட்டு ஆபீசுக்குப் போயிட்டார்.

எனக்கும் ஒரு கூறு பழம் வச்சிருந்தாங்க. கஸ்தூரி வந்து அதுல இருந்த அழுகலை எடுத்துட்டு அதோட பங்குல இருந்து ரெண்டு நல்ல பழம் வச்சுச்சு. அது கூறு போடுற சட்டத்துக்கு விரோதம். யாரும் கேக்கல.

ஜூலை 22, திங்கள்

எத்திக்ஸ் கமிட்டியில இருந்து கடுதாசி வரல. வருமான்னும் தெரியல. வேலை தேடணும்.

மத்தியானம் கஸ்தூரி போன் பண்ணுச்சு. "சாவி ஆணியிலதான் இருக்குக்கா"ன்னுச்சு.

இன்னைக்கு எத்தனை தடவை போனன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "வெளிக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு நாலு"ன்னுச்சு. ஃபாரம் இல்லாததால இங்கேயே எழுதி வச்சுக்கிறேன்.